நொய்யல் என்னும் சிற்றாறு



ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சென்னையில், பெசன்ட் நகரில், என் மகள் வீட்டில் வாழ்ந்து வருகிறேன். காலையில் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, ஊரூர்க் குப்பத்தைக் கடந்து, அடையாறு கடலில் சேரும் இடம் வரையில் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். அங்கே பாதியில் இடிந்து நிற்கும் பழைய பாலம் ஒன்று உண்டு. ஒரு நாள் என்னுடன் வந்த பேரன் அதனருகே நின்று, “தாத்தா, இந்த ஆறு எந்த மலையிலிருந்து வருகிறது?” என்று கேட்டான்.

“இது மலையில் பிறந்த ஆறன்று, மேற்கே உள்ள ஏரிகளின் உபரி நீர் கூடி உண்டான ஆறு” என்றேன். “அப்படியானால் மலையில் பிறந்த ஆறு எப்படி இருக்கும்?” என்றான். அக்கேள்விக்கு வீடு திரும்பும் வரையில் விடை சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பொழுது சொன்னதையும், சிறுவனிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். நான் சொல்லப்போகும் ஆறு கொங்கு நாட்டு நொய்யல். அதன் கரையை ஒட்டிய சிற்றூர்ப் பள்ளிகளில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

கோவை நகருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக வெள்ளியங்கிரி மலை நிற்கிறது. அதன் சரிவுகளில் பெரியாறு, சின்னாறு முதலிய ஓடைகள் பிறந்து, பாறைகளில் தாவி, காட்டைக் கடந்து, அடிவாரத்தில் ஒன்று கூடுகின்றன. கூடிய பின்னர் அதற்கு நொய்யல் என்று பெயர். நொய் அரிசி போன்ற மெல்லிய மணலைக் கொண்டிருந்தமையால் அப்பெயர் வந்தது என்று சொல்வாரும் உண்டு. காஞ்சிமாநதி என்பது இதன் பழம் பெயர். பேரூர்த் திருக்கோயில் காஞ்சிமாநதிக் கரையில் அமைந்த தலமாகவே போற்றப்படுகிறது.

இது பெரிய ஆறன்று. மலையிலிருந்து காவிரி வரையில் இதன் நீளம் சுமார் 180 கிலோமீட்டர். இதற்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறத்தாழ 3,500 சதுரக் கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் வழியே கிழக்கு நோக்கி ஓடி, நொய்யல் என்றே பெயர் பெற்ற சிற்றூரின் அருகே இது காவிரியில் கலந்துவிடுகிறது. கடலைக் காணும் பேறு இதற்கு இல்லை. காவிரியின் பெயரால்தான் இதன் நீர் கடல் சேர வேண்டும்.

இப்பள்ளத்தாக்கின் இயல்பை நீங்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மோதிய பக்கத்திலும் உச்சியிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக இப்பக்கம் இறங்குகிறது. இதனால் கொங்குச் சமவெளி மழை மறைவுப் பகுதி ஆகிறது. கோவை நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். மலைச்சரிவிலோ அதைப்போல் பல மடங்கு பெய்கிறது. ஆகவே நொய்யல் ஈரமான மலையில் பிறந்து வறண்ட வெளியில் வாழ வந்த ஆறு. சில நாள் இரு கரையும் புரள ஓடும். பல நாள் மணலாய்க் கிடக்கும். பள்ளிக்கூடத்துக் கணக்கில் வரும் ஆற்றைப் போல நொடிக்கு இத்தனை லிட்டர் என்று ஒரே அளவாக அது என்றும் ஓடியதில்லை.

இத்தகைய ஆற்றை நம்பி எவ்வாறு வேளாண்மை செய்வது? நம் முன்னோர் இதற்குக் கண்ட விடை எளிமையானது. எளிமையானது என்பதனாலேயே வியக்கத்தக்கது. ஆற்றின் குறுக்கே உயரமான அணை கட்டி நீரை அடைக்க அவர்கள் முயலவில்லை. தாழ்ந்த கற்சுவர்களை எழுப்பினர். வெள்ளம் வரும்போது நீர் அச்சுவரின் மட்டத்துக்கு உயர்ந்து பக்கத்திலுள்ள வாய்க்காலில் திரும்பும். மிகுந்த நீர் சுவரைத் தாண்டி ஆற்றோடு போய்விடும். வாய்க்காலில் சென்ற நீர் ஒரு குளத்தை நிரப்பும். அது நிரம்பி வழிந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். கடைசிக் குளமும் நிரம்பினால் எஞ்சிய நீர் மீண்டும் ஆற்றுக்கே வந்து சேரும்.

இவ்வாறு நொய்யலில் இருபதுக்கு மேற்பட்ட அணைக்கட்டுகளும், அவற்றால் நீர் பெறும் முப்பது அளவிலான குளங்களும் அமைந்தன. சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து புறப்படும் வாய்க்காலின் வழியே நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்கள் இருக்கின்றன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கோவை மாணவர்கள் இப்பெயர்களைப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாக அறிந்திருக்கக்கூடும். அவை ஒரே ஆற்றிலிருந்து நீர் வாங்கிக் கொடுத்து வாழ்ந்த உறவினர் என்பதை இனி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்தில் நின்ற நீர் வயலுக்கு மட்டும் பயன்படவில்லை. மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாயிற்று. ஆறு ஒரு மாதம் ஓடினால் கிணறு பல மாதம் பேசும் என்று என்னிடம் ஒரு முதிய உழவர் சொன்னதுண்டு. கிணற்றின் பேச்சு என்பது, ஏற்றம் இறைத்த காலத்தில் எழுந்த நீரோசை.

இதைப் போன்ற அறிவு உலகின் மற்றொரு மூலையிலும் தோன்றியிருக்கிறது. ஐரோப்பாவின் தென்மேற்கில் உள்ள ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் உண்டு. அதன் மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 3,480 மீட்டர் உயரமுடையது. குளிர்காலத்தில் அங்கே பனி மூடும். அதன் தெற்குச் சரிவில் அல்புஹாரா என்னும் மலைநாடு இருக்கிறது. அங்கிருந்து நீர் பெற்றுக் குவாதல்பேயோ என்னும் சிறிய மலையாறு மத்தியதரைக் கடலுக்கு ஓடுகிறது. கோடையில் அங்கும் வறட்சிதான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டை ஆண்ட முஸ்லிம் மக்கள் மலையின் உயரத்திலேயே பனியுருகும் நீரை வாய்க்கால்களில் திருப்பிச் சரிவின் மண்ணில் ஊறவிட்டனர். அங்கே ஊறிய நீர் மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கி, வாரங்களும் மாதங்களும் கழித்து, கோடையில் கீழேயுள்ள ஊர்களில் ஊற்றாக வெளிப்பட்டது. வேகமாக ஓடிப்போகும் நீரை மலையையே குதிராகக்கொண்டு சேமித்தார்கள் எனலாம். அவ்வாய்க்கால்களுக்கு வழங்கும் அசேக்கியா என்னும் பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. ஆற்றின் பெயரில் முதலில் நிற்கும் ‘குவாத்’ என்பதும் ஆற்றுப்பள்ளத்தைக் குறிக்கும் ‘வாதி’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே.

1492-இல் கிரானடா அரசு வீழ்ந்தது. பிறகு நூறு ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட காலத்திற்குள் அம்மக்களின் வழிவந்தோர் அந்நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். எனினும் வாய்க்கால்கள் நின்றன. புதிதாய்க் குடியேறிய உழவர்கள் அவற்றைக் கற்றுக்கொண்டு காத்தனர். இருபதாம் நூற்றாண்டில் மலையூர் இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிடவே, பல வாய்க்கால்கள் தூர்ந்தன. 2014 முதல் கிரானடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும், மாணவரும், ஊராரும் மண்வெட்டி ஏந்தி அவற்றுள் சிலவற்றைத் தூர்வாரி மீண்டும் நீர் ஓடச் செய்து வருகின்றனர். ஆட்சி மாறினாலும் சமயம் மாறினாலும் நீரின் வழி மாறுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்றன்றோ?

மீண்டும் நொய்யலுக்கு வருவோம். இப்பள்ளத்தாக்கு உழவரின் நாடு மட்டுமன்று. கைவினைஞரின் நாடும் ஆகும். சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் வடகரையில், கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. சங்க நூலாகிய பதிற்றுப்பத்து கொடுமணம் என்னும் ஊரின் அணிகலன்களைப் போற்றுகிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணலில் நடத்திய அகழாய்வுகளில் பளிங்கு, சூதுபவளம், பச்சைக்கல் முதலியவற்றால் செய்த மணிகளும், பாதி வேலை முடிந்த கற்களும், இரும்பு உருக்கிய உலையின் அடையாளங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைத் துறைமுகமாகிய முசிறியையும், கிழக்கே கரூரையும் இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமாபுரி நாணயங்கள் குவியலாகக் கிடைத்ததும் இவ்வழியின் வணிகத்துக்குச் சான்று. வெள்ளலூரும் நொய்யற்கரை ஊரே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இச்சிற்றாற்றின் கரையில் செய்த பொருள் கடல் கடந்து சென்றது.

பிற்காலத்தில் அவ்வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 1888-இல் கோவையில் நூற்பாலை தோன்றியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. கிழக்கே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. முதலில் பனியன் தைத்து நாட்டுக்குள் விற்றவர்கள், 1970-களுக்குப் பின்னர் உலகத்துக்கே ஆடை தைக்கத் தொடங்கினர். வறண்ட நிலத்தில் மழையை நம்பி வாழ்ந்த ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அத்தொழில் சோறிட்டது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். என் மாணவர் பலரும் அத்தொழிலால் தலையெடுத்தவர்களே.

ஆனால் ஆடைக்கு நிறம் வேண்டும். நிறமேற்ற நீர் வேண்டும். இங்கே சற்று வேதியியல் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையோடு கேளுங்கள். பருத்தித் துணியைச் சாயக் கரைசலில் முக்கினால் மட்டும் சாயம் முழுவதும் நூலில் ஏறிவிடாது. நீரை விட்டுச் சாயம் நூலை நாடுவதற்குக் கரைசலில் உப்பைச் சேர்க்கின்றனர். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கு மேலும் உப்பு வேண்டியிருக்கும். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். அப்பட்டறைத் தொட்டியில் இருப்பது பெசன்ட் நகர்க் கடலைக் காட்டிலும் உப்பு மிகுந்த நீர்! சாயம் நூலில் ஏறிக்கொள்ளும். உப்போ நூலில் ஏறாது. அத்தனையும் நீரிலேயே தங்கிவிடும். நிறத்தையும் அழுக்கையும் நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு, கரைந்த உப்பை நீக்குவதில்லை. நீர் கண்ணுக்குத் தெளிந்து தோன்றும். நாவுக்கு உப்பாகவே இருக்கும்.

அந்த உப்பு நீர் ஆண்டுக்கணக்கில் நொய்யலில் கலந்தது. திருப்பூருக்குக் கிழக்கே, ஒரத்துப்பாளையத்தில், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக ஓர் அணை கட்டப்பட்டது. அது 1992-இல் பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் நின்ற நீர் பயிருக்கு ஆகாததாயிற்று. குளத்து நீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு ஊற்றாகும் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? அதே இயற்கை விதி இங்கே பகையாயிற்று. தேங்கிய உப்பு நீர் மண்ணில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. நீரைத் தேக்கக் கட்டிய அணை, நீர் தேக்காமல் திறந்துவிடப்பட்டுக் கிடந்த ஆண்டுகளும் உண்டு.

அக்காலத்தில் நான் அப்பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். ஒரு நாள் ஏழாம் வகுப்பில், தூய நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று பாடம் நடத்தினேன். ஒரு மாணவன் எழுந்து, “எங்க கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குதுங்கய்யா” என்றான். வகுப்பு சிரித்தது. மறுநாள் அவன் ஒரு சொம்பு நிறையக் கிணற்று நீர் கொண்டுவந்தான். அதில் சிறிது எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சாராய விளக்கின்மேல் வைத்துக் காய்ச்சினேன். நீர் வற்றியபின் கிண்ணத்தின் அடியில் வெண்மையான படிவு தடித்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்துச் சென்றனர். சிரிப்பு அடங்கிவிட்டது.

அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “இது யாருடைய குற்றம்?” என்று வகுப்பைக் கேட்டேன். நாற்பது பிள்ளைகளின் கண்களும் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமியின்மேல் திரும்பின. அவள் தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. நிலமற்றவர், நாள்தோறும் பேருந்தில் சென்று, நகத்தில் நீலமும் சிவப்பும் படிய வீடு திரும்புபவர். அச்சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேச்சை மாற்றினேன். ஆனால் சொல்லிய சொல்லைத் திரும்ப எடுக்க எந்த ஆசிரியனாலும் இயலாது.

மறுநாள் பள்ளி விட்டபின் அவள் என் மேசையருகே வந்தாள். “அய்யா, எங்கப்பா வேலைய விட்டுட்டாருன்னா அந்த உப்புப் போயிருமுங்களா?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. “வீட்டுக்குப் போம்மா, நேரமாகிறது” என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது, என் உடம்பில் இருந்த பனியன் கண்ணில் பட்டது. திருப்பூர்ப் பனியன், பளிச்சென்ற வெள்ளை. நிறமேற்றுவதற்கு மட்டுமா, வெளுப்பதற்கும் மருந்தும் நீரும் வேண்டுமே! குற்றம் யாருடையது என்று கேட்டவனும் அக்குற்றத்தின் ஒரு முழத்தை அணிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறான்.

கீழ்ப்பகுதி உழவர்கள் அறவழியில் நின்று நீதிமன்றத்தை நாடினார்கள். இதற்கு முன்பே, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கையை வற்புறுத்தியிருந்தது. நொய்யல் வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கழிவுநீரில் ஒரு துளியும் ஆற்றில் விடலாகாது என்னும் ஆணை பிறந்தது. அது முழுதும் நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கு மூச்சு வந்தது. ஆனால் பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றி நின்றனர். அந்நாட்களில் எங்கள் பள்ளியில் மதிய உணவுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதை நான் கண்ணாரக் கண்டேன். அச்சிறுமியின் கேள்வி அப்பொழுதும் என் காதில் ஒலித்தது.

இன்று அவளுக்கு ஒருவாறு விடை சொல்ல முடியும். தந்தை வேலையை விட வேண்டுவதில்லை; நீரையும் உப்பையும் பிரித்துவிட்டால் போதும். நுண்ணிய துளைகளையுடைய சவ்வின் வழியே கழிவுநீரை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்துகின்றனர். நல்ல நீர் அப்பால் செல்கிறது. உப்பு இப்பால் தங்குகிறது. செறிந்த உப்புக் கரைசலைச் சாயமிடுவதற்கே மீண்டும் பயன்படுத்துகின்றனர். எஞ்சியதை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்கின்றனர். பட்டறைகள் பல சேர்ந்து பொதுவான சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்து, இம்முறையை ஏற்று மீண்டும் திறந்தன. உலகில் இவ்வளவு பெரிய சாயத் தொழில் நகரம் ஒன்று இம்முறைக்கு வந்தது சிறிய செய்தியன்று. ஆயினும் இதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. பயன்படுத்த இயலாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகக் குவிகின்றன. தொழில் நகரங்களின் வீட்டுக் கழிவுநீர் ஆற்றில் சேர்வதும் இன்னும் நின்றபாடில்லை. ஆகவே விடை பாதிதான் வந்திருக்கிறது. மறுபாதி உங்கள் தலைமுறையின் கையில் இருக்கிறது.

மேற்பகுதியிலும் நல்ல செயல்கள் நடவாமல் இல்லை. கோவையில் 2003-இல் தோன்றிய சிறுதுளி என்னும் அமைப்பும், பிற தன்னார்வலரும், மாணவரும் குளங்களைத் தூர்வாரியும் வாய்க்கால்களைத் திறந்தும் பணியாற்றியிருக்கின்றனர். கிரானடா மாணவர் ஏந்திய அதே மண்வெட்டியைக் கோவை மாணவரும் ஏந்தியிருக்கின்றனர் என்று நினைக்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி, இப்பேச்சின் கருத்தென நான் கருதும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று நொய்யலில் புதிதாக ஓர் அணை கட்டிக்கொள்ள ஓர் ஊராருக்கு அரசன் அளித்த இசைவைக் கூறுகிறது. அவ்விசைவில் ஒரு கட்டுப்பாடும் உண்டு: முன்னரே உள்ள அணைக்குச் செல்லும் நீருக்குக் குறைவு நேராதபடி புதிய அணையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அது. ஆற்றைப் பற்றிய சட்டம் முழுவதும் அந்த ஒரு கட்டுப்பாட்டில் அடங்கிவிட்டது என்று நான் எண்ணுகிறேன். உனக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொள். ஆனால் பிறருக்கு உரியதைக் கெடுக்காதே. அக்காலத்தில் நீரின் அளவைப் பற்றி எழுந்த நீதியை, நாம் நீரின் தூய்மைக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, ஆற்றில் எல்லாருமே யாருக்கோ மேல்மடைக்காரர். எல்லாருமே யாருக்கோ கீழ்மடைக்காரர். கோவைக்குக் கீழே திருப்பூர். திருப்பூருக்குக் கீழே சென்னிமலையும் காங்கேயமும். அதற்குக் கீழே கரூர். கரூருக்குக் கீழே காவிரிக் கரையெங்கும் வாழ்வோர். ஆடையை உடுத்து எங்கோ வாழும் நாமும் இவ்வரிசைக்கு வெளியே இல்லை. நம் கைக்கு வரும் பொருள் எந்த ஆற்றின் நீரைக் குடித்து வந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். கேட்கும்போது, நான் என் வகுப்பில் செய்த பிழையைச் செய்யாதீர்கள். எளியவரைச் சுட்டும் கேள்வியாக அது இருத்தலாகாது. நம்மையும் சேர்த்துக் கேட்கும் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

ஒரு சிறு வேலையும் தருகிறேன்; ஆசிரியனின் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போவதில்லை. உங்கள் வீட்டுக் கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பெரியவர் ஒருவரின் துணையோடு வெயிலிலோ அடுப்பிலோ வற்றச் செய்யுங்கள். அடியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். குடிநீரில் கரைந்துள்ள பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்று நம் நாட்டுத் தரவிதி கூறுகிறது. உங்கள் ஊர் நீர் எந்நிலையில் உள்ளது என்பதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள். அந்நீர் எந்தக் குளத்திலிருந்து, எந்த ஆற்றிலிருந்து, எந்த மலையிலிருந்து வருகிறது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். ஒருவன் தன் முன்னோர் பெயரை அறிந்திருப்பதைப் போல, தான் குடிக்கும் நீரின் முன்னோரையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அச்சிறுமி இன்று எங்கிருக்கிறாளோ, நான் அறியேன். அவளுக்கு இப்போது நடுத்தர வயது ஆகியிருக்கும்; அவள் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்வார்கள். இப்பேச்சு அவள் காதில் விழுமாயின், அன்று சொல்லாத ஒரு சொல்லை அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: “அம்மா, கேள்வி சரியானது; கேட்ட இடம் தவறானது. பிழை என்னுடையது.”